பொதியா, நிறுவியா?

கொற்கைக்கு முதன்முறை வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "கடல் எங்கே?" ஏரலைக் கடந்து வாழைத் தோட்டங்களையும் நெல்வயல்களையும் பார்த்துக்கொண்டே வந்து இறங்கினால், பாண்டியரின் துறைமுகம் என்று பாடத்தில் படித்த ஊரில் ஒரு குளமும் சில தெருக்களும் முதிர்ந்த வன்னிமரம் ஒன்றும்தான் கண்ணில் படுகின்றன. தாமிரபரணி கொண்டுவந்து சேர்த்த வண்டல் கரையை நீட்டிக்கொண்டே போக, கடல் பல கிலோமீட்டர் கிழக்கே விலகிவிட்டது. துறைமுகமும் அதன் பின்னாலேயே போயிற்று. கொற்கையிலிருந்து காயலுக்கு, காயலிலிருந்து தூத்துக்குடிக்கு. நாணயம் அடித்த இடத்தைக் குறிக்கும் அக்கசாலை என்ற சொல் மட்டும் ஒரு கோயிலின் பெயரில் ஒட்டிக்கொண்டு ஊரிலேயே தங்கிவிட்டது.

1968-69-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை இங்கே நடத்திய அகழாய்வில் கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 785 என்று கணிக்கப்பட்டது. 2021-இல் அத்துறை மீண்டும் இங்கே குழி வெட்டத் தொடங்கியபோது நாங்கள் மாணவர்களை அழைத்துச் சென்றோம். திரும்பும் வழியில் ஒரு மாணவன் கேட்டான்: "சார், முத்துக் குளிக்கிறதப் பத்திப் பாடத்துல ஒரு பத்திதான் இருக்கு. அதச் செஞ்சு பாக்க முடியாதா?"

செய்து பார்க்க இனி வழியில்லை. தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் 1961 வரை நடந்ததுதான் கடைசி முத்துச் சலாபம். அதில் இளைஞர்களாக மூழ்கியவர்கள் இன்று எண்பதைத் தாண்டியவர்கள். நிஜமாகச் செய்ய முடியாததை விளையாட்டாகவாவது செய்து பார்ப்போமே என்று அந்தப் பேருந்திலேயே முடிவாயிற்று. தமிழ்த்துறையில் பாடம் நடத்தும் நாங்கள் இருவர், கணினி அறிவியல் படிக்கும் மாணவர் ஐவர். இதுதான் இக்கட்டுரையில் வரும் 'நாங்கள்'.

கோடோ என்னும் கட்டற்ற மென்பொருளைக் கொண்டு ஓராண்டு உழைத்து ஒரு சிறு கணினி விளையாட்டைச் செய்தோம். ஆடுபவர் காலில் கல்லின் எடையோடு நீரில் இறங்க வேண்டும். பாரில் சிப்பி பொறுக்க வேண்டும். மூச்சு தீருமுன் கயிற்றை ஆட்டிச் சொல்ல வேண்டும். மேலே தோணியில் இருப்பவர் இழுப்பார். முங்கலுக்கும் முங்கலுக்கும் இடையே தோணியில் இளைப்பாறும்போது கச்சான், கொண்டல், வாடை, சோழகம் என்று காற்றின் பெயர்களும், நீவாடு போன்ற கடற்சொற்களும் கடற்கரைப் பெரியவர்களின் குரலிலேயே காதில் விழும். இதற்கென 'சொற்பெட்டி' என்று ஒன்று வைத்தோம். ஆடும் மாணவர் தம் வீட்டுப் பெரியவரை ஒலிவாங்கியின் முன் உட்காரவைத்து ஒரு சொல்லையோ ஒரு நினைவையோ பதிவு செய்தால், அடுத்த ஆட்டத்தில் அந்தக் குரல் தோணியில் ஒலிக்கும். விளையாட்டைக் காட்டிலும் எங்களுக்கு அந்தப் பெட்டிதான் முக்கியமாக இருந்தது.

விளையாட்டு முடிந்தது. அதை எப்படிக் கையில் கொடுப்பது என்ற கேள்விதான் மிஞ்சியது. ஒரு பிற்பகலில் தீர்த்துவிடலாம் என்று நினைத்த அந்தக் கேள்வி எங்களை இரண்டாண்டு அலைக்கழித்தது.

*

இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று ஜிப் கோப்பு. விளையாட்டுக்கு வேண்டிய எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகச் சுருக்கிக் கட்டித் தந்துவிடுவது. பெறுபவர் அதை அவிழ்த்து, உள்ளே இருப்பதை இயக்கிக்கொள்வார். இதை நாங்கள் பொதி என்றோம். மற்றது நிறுவி, மாணவர் வழக்கில் இன்ஸ்டாலர். அது கணினிக்குள் புகுந்து கோப்புகளைத் தானே உரிய இடத்தில் வைக்கும். முகப்பில் ஒரு படம் ஒட்டும். பதிவேட்டில் தன் பெயரை எழுதும். வேண்டாமென்றால் வெளியேறும் வழியையும் தானே வைத்திருக்கும்.

பொதிக்கு ஒரு வரலாறு உண்டு. பில் கட்ஸ் என்ற அமெரிக்க நிரலாளர் 1989-இல் பிகேஜிப் என்னும் நிரலை வெளியிட்டார். அதன் கோப்பு அமைப்பை யாரும் எடுத்தாளலாம் என்று பொதுவில் வைத்தார். அவர் 2000-இல் தம் 37-ஆம் வயதில் இறந்துபோனார். அவர் வகுத்த அமைப்போ இன்றும் ஏறக்குறைய எல்லாக் கணினியிலும் திறக்கிறது. 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியிலிருந்து தனி மென்பொருள் இல்லாமலேயே ஜிப்பை அவிழ்க்க முடிகிறது. நிறுவி செய்யவும் இலவசக் கருவிகள் உண்டு. ஜோர்டன் ரஸ்ஸல் 1997-இல் வெளியிட்ட இன்னோ செட்டப் ஒன்று. வினாம்ப் இசைக்கருவியைச் செய்த நல்சாஃப்ட் நிறுவனத்திலிருந்து வந்த என்எஸ்ஐஎஸ் மற்றொன்று.

பெரிய கடைகளின் வழியே விற்பவர்களுக்கு இந்தச் சிக்கல் அதிகமில்லை. கனடாவுக்குக் குடியேறிய தமிழ்த் தாயின் சமையலைக் கதையாகக் கொண்டு டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட 'வெண்பா' விளையாட்டைப் பலர் அறிவார்கள். மறு ஆண்டு பாஃப்டா விருதும் பெற்றது. அத்தகைய விளையாட்டு ஸ்டீம் போன்ற கடையிலோ விளையாட்டுக் கருவிகளின் கடைகளிலோ ஏறிவிட்டால், இறக்குவது, நிறுவுவது, புதுப்பிப்பது எல்லாவற்றையும் கடையே பார்த்துக்கொள்ளும். லீஃப் கோர்கோரன் 2013-இல் தொடங்கிய இட்ச்.ஐஓ தளமும் சிறு படைப்பாளிகளுக்கு அத்தகைய துணைதான். நிறுவி வேண்டாம், பொதியாகவே தாருங்கள், எங்கள் செயலி அவிழ்த்துக்கொள்ளும் என்பது அத்தளத்தின் அறிவுரை. ஆனால் எங்கள் ஆட்டக்காரர்கள் கடைக்குப் போகிறவர்கள் அல்லர். கடற்கரை ஊர்களின் பள்ளிகளிலும், அரசு 2011 முதல் வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வீடுகளிலும் இருந்தார்கள். விளையாட்டு அவர்களிடம் பென்டிரைவில்தான் போய்ச் சேரும்.

முதல் விவாதத்தில் நாங்கள் இருவரும் நிறுவியின் பக்கம் நின்றோம். மாணவர்களில் மூவர் பொதி என்றார்கள். எங்கள் வாதம் மரியாதை சார்ந்ததாக இருந்தது. விருந்தாளிக்கு இலை போட்டுப் பரிமாறுவதா, கட்டுச்சோற்றைக் கையில் கொடுத்து அனுப்புவதா என்று கேட்டோம். அந்த உவமையின் அழகில் நாங்களே மயங்கிப்போனோம். மாணவர்களும் ஆசிரியரை எதிர்த்து நெடுநேரம் பேசும் வழக்கமில்லாதவர்கள். நிறுவியே வென்றது.

நிறுவியில் தமிழ்த்துறைக்கும் வேலை இருந்தது. 'நெக்ஸ்ட்', 'கேன்சல்', 'ஐ அக்ரீ' என்ற சொற்களையெல்லாம் தமிழில் வைத்தோம். 'அடுத்து', 'விலகு' என்பவை எளிதாக வந்துவிட்டன. 'ஐ அக்ரீ' என்பதற்கு 'உடன்படுகிறேன்' என்று எழுதிவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தோம். எதற்கு உடன்படுகிறார் என்பதை ஆடப்போகும் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? அப்போதே அந்தக் கேள்வியை நின்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

*

ஒரு கடற்கரைப் பள்ளியின் கணினி அறைக்கு நிறுவியோடு போன முதல் நாளே தடை வந்தது. நிர்வாகிக் கடவுச்சொல்லைக் கேட்டது கணினி. அதை அறிந்திருந்தவர் மாற்றலாகிப் போய் ஓராண்டு ஆயிற்று என்றார்கள். ஆசிரியை ஒருவர், "இதுக்கெல்லாம் பாஸ்வேர்டு யாரு சார் வச்சிருக்கா?" என்று சிரித்தார். பிறகு வீட்டிலிருந்து எங்களில் ஒருவர் கொண்டுவந்த மடிக்கணினியைச் சுற்றி முப்பது பிள்ளைகள் நின்று ஆட்டத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

இணையத்தில் ஏற்றி வைத்ததை இறக்கிக்கொண்டவர்களுக்கு வேறொரு தடை. விண்டோஸ் ஒரு நீலத் திரையை எழுப்பி, அறியாத ஒருவரின் நிரலிலிருந்து உங்கள் கணினியைக் காத்தேன் என்றது. 2012-இன் விண்டோஸ் 8 முதல் இயங்குதளத்திலேயே இருக்கும் ஸ்மார்ட்ஸ்கிரீன் என்ற காவல் அது. மேலும் அறிய என்ற இணைப்பைச் சொடுக்கினால்தான் 'இருந்தாலும் இயக்கு' என்ற பொத்தான் தெரியும். அதைத் தவிர்க்க வேண்டுமானால் சான்றளிக்கும் நிறுவனத்திடம் ஆண்டுதோறும் சில நூறு டாலர் கட்டி மின்னொப்பம் பெற வேண்டும். 2023 ஜூன் முதல் அந்த ஒப்பத்தின் சாவியைத் தனி வன்பொருளில்தான் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. ஒப்பம் பெற்ற பின்னும் நற்பெயர் சேரும்வரை எச்சரிக்கை தொடரலாம். இலவச விளையாட்டுக்கு எங்கே போவது அத்தனை பணத்துக்கு?

அந்தக் காவலைப் பழிப்பது நேர்மையாகாது. முன்பின் தெரியாதவர் கொடுக்கும் நிரலை ஐயுறுவது சரிதான். முத்துக் குளிக்கிறவர்கள் மேலே கயிறு பிடிக்க மைத்துனரைத்தான் நிறுத்துவார்கள், தன் அக்காளோ தங்கையோ தாலியறுக்க அவர் விடமாட்டார் என்பதனால், என்று இக்கரையில் சொல்வது வழக்கம். கயிற்றை யார் கையிலும் கொடுத்துவிட முடியாது. நாங்களோ, கடவுச்சொல்லைக் கொடு, உடன்படுகிறேன் என்று சொல், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று முகம் தெரியாத பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டிருந்தோம்.

நிர்வாகி அனுமதி கேட்காமல், பயனரின் சொந்தக் கணக்குக்குள் மட்டும் நிறுவும்படியும் நிறுவியை எழுதலாம். அதைக் கற்றுக்கொண்டு அப்படியே திருத்தினோம். கடவுச்சொல் தடை நீங்கியது. பதினான்கு மாணவர்கள் தம் வீட்டுக் கணினிகளில் நிறுவிக்கொண்டார்கள். சொற்பெட்டிகள் நிறையத் தொடங்கின. எங்கள் முடிவு சரியென்று நாங்கள் மகிழ்ந்திருந்த காலம் அது.

*

2023-இன் நடுவில் இரண்டாம் பதிப்பை வெளியிட்டோம். முதல் பதிப்பில் கயிற்றை ஆட்டும் விசை சில கணினிகளில் வேலை செய்யவில்லை. அந்தக் குறையைத் தீர்த்திருந்தோம். கூடவே ஒரு குறிப்பு எழுதினோம்: பழைய பதிப்பை நீக்கிவிட்டுப் புதியதை நிறுவவும். இலக்கணப் பிழையற்ற, தெளிவான ஒரு வரி. அதை எழுதியவர்கள் தமிழ்த்துறையில் இருக்கும் நாங்கள்.

ஒரு வாரம் கழித்து ஒரு மாணவி துறை வாசலில் வந்து நின்றாள். குறை சொல்ல வந்தவளாகத் தெரியவில்லை. ஓர் ஐயம் கேட்பவளைப் போலவே கேட்டாள்: "சார், அன்இன்ஸ்டால் பண்ணா எங்க தாத்தா பேசுனதும் போயிருமா?"

போய்விட்டிருந்தது. பிள்ளைகள் எளிதாகக் கண்டெடுக்கட்டும் என்று குரற்பதிவுகளை விளையாட்டின் கோப்புறைக்குள்ளேயே சேமிக்கச் செய்திருந்தோம். நீக்கும் நிரலில் ஒரு வரி: இந்தக் கோப்புறையை, உள்ளே இருப்பதோடு சேர்த்து, அழி. நாம் வைத்தது எது, அவர்கள் வைத்தது எது என்று அந்த வரி கேட்கவில்லை. இந்தப் பிழை நிறுவி எழுதுவோரிடையே பழையது, பலமுறை எச்சரிக்கப்பட்டதும்கூட. கவனமாக எழுதினால், தான் வைத்த கோப்புகளை மட்டுமே நீக்கும்படி செய்திருக்க முடியும். இன்னோ செட்டப் இயல்பாகவே அப்படித்தான் நடந்துகொள்ளும். என்எஸ்ஐஎஸ்ஸில் அந்த வரியை எழுதியவர்கள் நாங்கள்தான். கருவியின் மீது பழி போட இடமில்லை.

அழிந்த கோப்புகளை மீட்கும் மென்பொருள்களை ஓட்டிப் பார்த்தோம். புதிய பதிப்பு அதே வட்டில் எழுதப்பட்டிருந்ததனால் சில விநாடி இரைச்சலைத் தவிர ஒன்றும் தேறவில்லை. பதினான்கு பேரில் மூவர் எங்கள் குறிப்பை அப்படியே பின்பற்றியிருந்தார்கள். சொல்பேச்சுக் கேட்ட பிள்ளைகளுக்குத்தான் இழப்பு. இருவர் வீட்டில் மீண்டும் பதிவு செய்துகொண்டார்கள். இந்தப் பெண்ணின் தாத்தா கடைசிச் சலாபத்தில் மூழ்கியவர். அதன் பிறகு பல்லாண்டு சங்கு குளித்தவர். நாங்கள் இரண்டாம் பதிப்பை வெளியிடுவதற்குப் பதினெட்டு நாட்கள் முன்பு காலமாகியிருந்தார்.

அன்று மாலை மாணவர்கள் ஐவரும் நாங்களும் நெடுநேரம் பேசாமல் இருந்தோம். முதலில் பொதி என்று சொன்ன மூவரில் ஒருவன் மெதுவாகச் சொன்னான்: "ஜிப்பா இருந்தா பழைய போல்டர் அப்படியே கிடந்திருக்கும் சார்." அவன் குத்திக்காட்டவில்லை. நடந்ததைச் சொன்னான்.

*

அவன் சொன்னதில் இருக்கும் உண்மையை அதன் பிறகுதான் முழுமையாக யோசித்தோம். பொதியில் வருவது தன்னைப் பற்றி எதையும் கணினிக்குச் சொல்லிவைப்பதில்லை. அவிழ்த்த இடத்தில் இருக்கும். புதிய பதிப்பு வந்தால் பக்கத்தில் இன்னொரு கோப்புறையாக அவிழும். பழையது தானே மறையாது. வேண்டாமென்றால் பயனரே தம் கையால் நீக்க வேண்டும், நீக்குமுன் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்க்க வாய்ப்பும் உண்டு. கோப்புறையை அப்படியே பென்டிரைவில் போட்டு அடுத்த வீட்டுக்குக் கொடுத்தால் குரல்களும் சேர்ந்தே போகும். நிறுவியில் நிறுவியதை அப்படிக் கொடுக்க முடியாது. நிறுவியைத்தான் கொடுக்க முடியும், அதில் தாத்தாவின் குரல் இருக்காது.

தமிழ் இணையத்தின் தொடக்க நாட்களை நினைத்துக்கொண்டோம். ஒவ்வொரு தளத்துக்கும் ஒவ்வோர் எழுத்துரு. அதை இறக்கி எழுத்துருக் கோப்புறையில் போட்டால்தான் பக்கம் தமிழாகத் தெரியும். இல்லையென்றால் வெறும் குறிகள். எங்கள் வயதினர் பலர் உலாவி நிலையங்களில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து உட்கார்ந்து, எழுத்துரு நிறுவ அனுமதியில்லை என்ற செய்தியைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தவர்கள். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை மின்னூலாக்கியபோது, எழுத்துருவைத் தன்னுள்ளேயே கொண்ட பிடிஎஃப் வடிவிலும் தந்தது. நிறுவ ஒன்றுமில்லை, திறந்தால் தமிழ் தெரிந்தது. தனக்கு வேண்டியதைத் தானே சுமந்து வரும் கோப்பின் அருமையை அன்று கைப்பட உணர்ந்திருந்தும், எங்கள் முறை வந்தபோது அதை மறந்திருந்தோம்.

ஆனால் பொதியைப் போற்றி முடித்துவிடவும் முடியாது. மூன்றாம் பதிப்பைப் பொதியாகத் தந்தபோது அதன் குறைகளும் வரிசையாக வந்தன.

முதல் குறை, அவிழ்க்காமலே திறப்பது. விண்டோஸில் ஜிப்பை இருமுறை சொடுக்கினால் உள்ளிருப்பவை சாதாரணக் கோப்புறை போலவே தெரியும். பிள்ளைகள் அங்கேயே விளையாட்டைச் சொடுக்கினார்கள். கணினி அந்த ஒரு கோப்பை மட்டும் தற்காலிக இடத்தில் எடுத்து இயக்கும்; படங்களும் ஒலிகளும் அடங்கிய கோப்பு மூட்டைக்குள்ளேயே தங்கிவிடும். ஆட்டம் தொடங்காது. மூட்டையை அவிழ்க்காமல் விரலை விட்டு ஒரு பருக்கையை எடுத்துத் தின்பது போன்றது இது. நிறுவியில் இந்தச் சிக்கல் வரவே வராது.

இரண்டாவது குறை தமிழுக்கே உரியது. குரற்பதிவுகளுக்கு 'கச்சான்', 'நீவாடு' என்று தமிழிலேயே கோப்புப் பெயர் வைத்திருந்தோம். பழைய ஜிப் மரபு ஆங்கில எழுத்துகளை மனத்தில் கொண்டது. பெயர்களை யூனிகோடில் எழுதலாம் என்ற குறி 2006-இல்தான் அதன் விவரக்குறிப்பில் சேர்ந்தது. விண்டோஸ் 7 அந்தக் குறியைத் தானாகப் பொருட்படுத்துவதில்லை. பழைய மடிக்கணினிகளில் அவிழ்த்தபோது எங்கள் காற்றுகளும் நீரோட்டங்களும் புரியாத குறிகளாக மாறியிருந்தன. விளையாட்டு அவற்றைத் தேடிக் காணாமல் நின்றது. கடைசியில் கோப்புகளுக்கு எண்களைப் பெயராக வைத்து, தமிழ்ப் பெயர்களை ஒரு பட்டியல் கோப்புக்குள் எழுதினோம். தமிழ்த்துறையினர் தோற்றுப்போன இடம் அது என்று ஒப்புக்கொள்கிறோம்.

மூன்றாவது குறை, பாஸ் லினக்ஸ் இருந்த மடிக்கணினிகளில். விண்டோஸில் கட்டிய ஜிப், இந்தக் கோப்பை இயக்கலாம் என்ற லினக்ஸின் அனுமதிக் குறியைச் சுமந்து போவதில்லை. அவர்களுக்கு லினக்ஸிலேயே கட்டிய டார் பொதியைத் தனியாகத் தர வேண்டியிருந்தது. நீலத் திரை எச்சரிக்கையும் பொதியால் நீங்கிவிடவில்லை. இணையத்திலிருந்து வந்த ஜிப்பை விண்டோஸ் அவிழ்க்கும்போது, இது வெளியிலிருந்து வந்தது என்ற அடையாளம் உள்ளிருப்பவற்றுக்கும் ஒட்டிக்கொள்ளும். வழக்கமான பென்டிரைவின் கோப்பு முறையில் அந்த அடையாளம் தங்குவதில்லை என்பதனால், கையில் கொடுத்தவர்களுக்கு மட்டும் அந்தத் தொல்லை இல்லை.

*

இந்தக் குழப்பங்களுக்கு நடுவேதான் சலாபத்தில் சிப்பி விற்ற முறையை மாணவர்களுக்கு விளக்க நேர்ந்தது. ஆங்கிலேயர் காலச் சலாபங்களில் கரைக்கு வந்த சிப்பிகளைப் பங்கு பிரிப்பார்கள். மூன்றில் ஒரு பங்கு மூழ்கியவர்களுக்கு, மற்றது அரசுக்கு. அரசின் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும். ஏலம் எடுப்பவர் முத்தைப் பார்த்து எடுப்பதில்லை. மூடிய சிப்பியைத்தான் எடுப்பார். பிறகு அதைக் குவித்து அழுகவிட்டு, நாற்றத்தையும் ஈக்களையும் பொறுத்துக்கொண்டு, கழுவி, அரித்து எடுக்க வேண்டும். அப்படி எடுத்த முத்துகளை வணிகர் 20, 30, 50 என்று தொடங்கி 1000 வரை எண்ணிட்ட பத்துப் பித்தளைச் சல்லடைகளில் இட்டு அளவு பிரிப்பார்கள். சலித்துத் தரம் பிரித்த முத்தைத் தட்டில் வைத்து வாங்குபவருக்கு வேலையில்லை. பிரித்தவரின் கையையும் கண்ணையும் நம்ப வேண்டியதுதான். சிப்பியாக வாங்குபவருக்கு வேலை உண்டு. ஆனால் உள்ளே இருந்தது எதுவும் அவருக்குத் தெரியாமல் போகாது.

எந்த முறை உயர்ந்தது என்று மாணவர்களிடம் கேட்டோம். வாங்குகிறவருக்குச் சிப்பி திறக்கத் தெரியுமா என்பதைப் பொறுத்தது என்றாள் ஒருத்தி. எங்கள் இரண்டாண்டு விவாதத்தில் இல்லாத கேள்வி அது. நிறுவியா பொதியா என்று நாங்கள் பொருளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அதை அவிழ்க்கப் போகிறவரின் கையைப் பற்றிப் பேசவில்லை.

இப்போது நாங்கள் செய்வது இதுதான். முதலில் தருவது பொதி. அவிழ்த்தால் ஒரே ஒரு கோப்புறை வரும். பல கோப்புகள் சிதறி வராது. அதில் விளையாட்டு, ஒலிகள், 'முதலில் இதைப் படிக்கவும்' என்ற அரைப் பக்கக் குறிப்பு. அக்குறிப்பின் முதல் வரி அவிழ்ப்பது எப்படி என்பது. இரண்டாம் வரி உங்கள் வீட்டுக் குரல்கள் எங்கே இருக்கின்றன என்பது. குரல்களை விளையாட்டின் கோப்புறையிலிருந்து வெளியே எடுத்து, பயனரின் ஆவணங்களுக்குள் தனிக் கோப்புறையில் வைத்துவிட்டோம். இதனால் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கும்போது இரண்டு கோப்புறைகளைப் படியெடுக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சிறு சிரமத்துக்கு நாங்கள் தெரிந்தே உடன்பட்டோம். அவிழ்க்காமல் இயக்க முயன்றால் வெற்றுப் பிழைச்செய்தி வராமல், மூட்டையை முதலில் அவிழ்க்கவும் என்று தமிழில் சொல்லும் ஒரு சிறு நிரலையும் மாணவர்கள் எழுதிச் சேர்த்தார்கள். பள்ளிக்குப் போகும்போது பென்டிரைவை நீட்டிவிட்டு வந்துவிடுவதில்லை. பத்து நிமிடம் உட்கார்ந்து ஒரு பிள்ளையை அவிழ்க்கச் செய்கிறோம். அந்தப் பிள்ளை மற்றவர்களுக்குக் காட்டிவிடுகிறது.

நிறுவியையும் கைவிடவில்லை. கேட்பவர்களுக்கு இரண்டாவதாகத் தருகிறோம். முகப்பில் படம் இருந்தால்தான் கண்டுபிடிக்க முடியும் என்று சொல்கிற பெரியவர்களுக்கு அது உதவத்தான் செய்கிறது. ஆனால் அது வைத்ததை மட்டுமே எடுக்கும். அந்த ஒரு வரியை மாற்றி எழுதிய பிறகு எழுவரும் ஒவ்வொருவராக அதைப் படித்துப் பார்த்தோம். ஒரு வரி நிரலை அத்தனை பேர் அத்தனை கவனத்தோடு படித்ததை நாங்கள் அதற்கு முன் கண்டதில்லை.

சென்ற ஆண்டு அந்த மாணவி படிப்பை முடித்தாள். போவதற்கு முன் சொற்பெட்டிக்கு ஒரு பதிவு தந்துவிட்டுப் போனாள். தாத்தா முதன்முறை மூழ்கிய நாளில் பாதி ஆழத்திலேயே அஞ்சிக் கயிற்றை ஆட்டிவிட்டாராம். இழுத்து மேலே ஏற்றிய மைத்துனர் ஒரு சொல்லும் கேலி பேசாமல், வாயைத் துடைத்துக்கொள்ளத் துண்டை மட்டும் நீட்டினாராம். இதைத்தான் தாத்தா அழிந்த பதிவில் சொல்லியிருந்தார். இப்போது பேத்தியின் குரலில் இருக்கிறது. தாத்தா இருமுவார், நடுவில் நிறுத்துவார், 'ஏளா' என்று அவளைக் கூப்பிட்டுவிட்டுத் தொடர்வார். அவையெல்லாம் இதில் இல்லை. "கதை இருக்கு சார், போதும்" என்றாள் அவள். போதாது என்று அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

பட்டியல் கோப்பில் அந்தப் பதிவுக்கு என்ன பெயர் எழுதுவது என்று கேட்டோம். 'தாத்தா சொன்னது' என்று எழுதச் சொன்னாள். அப்படியே எழுதியிருக்கிறோம்.